தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வளர்ப்பு முயலை விமானத்தில் அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

முதல் முறை பயணம் வைத்திருந்த நாளுக்கு முந்தைய இரவு, எங்கள் ராகிக்கு நான் தீனியே போடவில்லை. நிறம் பார்த்து மகள் வைத்த பெயர் அது. கேழ்வரகு நிற முயல். நாய் வளர்க்கும் உறவினர் ஒருவர், “வெறும் வயிற்றோடு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வழியெல்லாம் வாந்தி எடுக்கும்” என்றார். நம்பிவிட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு விளக்கைப் போட்டுப் பார்த்தால், கூண்டின் மூலையில் முதுகைக் குறுக்கிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தபடி உட்கார்ந்திருக்கிறது. தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. விமானத்தை விட்டுவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். “ஏனம்மா, இது என்ன நாயா பட்டினி போடுவதற்கு? முயலால் வாந்தியே எடுக்க முடியாதே” என்றார் அவர். ஊறவைத்து அரைத்த தீவனத்தை ஊசியில்லாத சிரிஞ்சில் மூன்று நாள் புகட்டி அதை மீட்டோம்.

இரண்டு மாதம் கழித்து அதே ராகி பெங்களூரிலிருந்து டெல்லிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. இடைப்பட்ட நாட்களில் கற்றதையெல்லாம், நம் பக்கத்தில் முயல் வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். கீழே வரும் ஒவ்வொரு படியும் இரண்டே விஷயங்களைக் காப்பாற்றுவதற்கானது: முயலின் குடல் ஓட்டம் நிற்கக் கூடாது, முயலின் உடல் சூடேறக் கூடாது. மற்றதெல்லாம் காகித வேலை.

குடல் ஏன் இவ்வளவு முக்கியம்? முயல் நாள் முழுக்கக் கொறிக்கும் பிராணி. நார்ச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் குடல் நகரும். சில மணி நேரம் தின்னாமல் இருந்தால் ஓட்டம் மந்தமாகும், வாயு சேரும், வலிக்கும். வலியால் இன்னும் தின்னாது. பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாத முயலை அவசர நோயாளியாகவே கருத வேண்டும். பயமும் இதையே செய்யும். வெப்பமோ வேறு வகைச் சிக்கல். முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. காதுகளில் ஓடும் இரத்தக் குழாய்கள் வழியாகத்தான் பெரும்பாலான சூட்டை வெளியேற்றுகிறது. வெளியே 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து தொடங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் தருமபுரியில் வெயில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் படி: போகத்தான் வேண்டுமா?

சென்னை, கோவை, மதுரை என்றால் விமானத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இரவில் கிளம்பும் குளிர்சாதனக் கார் போதும். முயல் உங்கள் கண் முன்னாலேயே இருக்கும். பத்து நாள் விடுமுறைக்காகவும் முயலை ஏற்றாதீர்கள். பழகிய ஒருவர் வீட்டுக்கு வந்து புல்லும் தண்ணீரும் வைப்பது அதற்கு ஆயிரம் மடங்கு நல்லது. வேலை மாறி நிரந்தரமாக வடக்கே குடிபெயர்கிறீர்கள், காரில் மூன்று நாள் ஆகும் என்றால் மட்டும் விமானம் சரியான வழி.

சினையாக இருக்கும் பெட்டை, எட்டு வாரம் நிரம்பாத குட்டி, மூக்கொழுகல் உள்ள முயல் ஆகியவற்றை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றக் கூடாது. முயல் மூக்கால் மட்டுமே சுவாசிக்கும் பிராணி. மூக்கடைத்தால் வாயால் சமாளிக்கத் தெரியாது. சளி இருப்பதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: முன்னங்கால்களைப் பிடித்து உள்பக்க முடியைப் பாருங்கள். மூக்கைக் காலால் துடைத்துக்கொண்டே இருப்பதால், சளி உள்ள முயலுக்கு அந்த இடத்து முடி பசை தடவியதுபோல் ஒட்டித் திரிதிரியாக இருக்கும். மூக்கு சுத்தமாகத் தெரிந்தாலும் இந்த முடி காட்டிக்கொடுத்துவிடும். ஆணும் பெட்டையும் சேர்ந்து வளர்கிறதென்றால் சினை இல்லை என்று மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். சினைக்காலம் 28 முதல் 31 நாள்தான், நாம் கவனிக்கும் முன் முக்கால்வாசி முடிந்திருக்கும்.

இரண்டாம் படி: எந்த விமான நிலையம், எந்த மாதம்

சேலம் விமான நிலையம் தருமபுரிக்குப் பக்கம்தான். தொப்பூர் கணவாய் இறங்கினால் ஓமலூருக்கு முன்பே காமலாபுரம். ஆனால் அங்கிருந்து பறப்பவை சிறிய விமானங்கள், எண்ணிக்கையும் குறைவு. முயலுக்கு நேரடி விமானம் வேண்டும். ஓர் ஊரில் இறக்கி இன்னொன்றில் ஏற்றும் வேலையே கூடாது. எனவே நமக்குப் பெங்களூர் கெம்பேகவுடா விமான நிலையம்தான். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர். தருமபுரிக்காரர்களுக்கு இன்னும் 45 கிலோமீட்டர் கூடுதல்.

பெங்களூரின் தட்பவெப்பம் பெரும்பாலான மாதங்களில் முயலுக்கு ஏற்றது. இறங்கும் ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். டெல்லி என்றால் மே, ஜூன் நினைத்தே பார்க்காதீர்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அங்கே மூடுபனி. விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், அந்த நேரமெல்லாம் முயல் ஏதோ ஒரு கொட்டகையில் காத்திருக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை, அல்லது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம். மும்பைக்கு டிசம்பரும் ஜனவரியும் பரவாயில்லை. எந்த மாதமானாலும் விடியற்காலை அல்லது இரவு விமானமாக இருக்கட்டும். நடுவானில் இருக்கும் இரண்டரை மணி நேரத்தைவிட ஓடுதளத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் நிற்கும் இருபது நிமிடம்தான் முயலைக் கொல்லக் கூடியது.

மூன்றாம் படி: விமான நிறுவனத்தோடு பேசுவது

இணையத்தில் தேடினால் முயலை முன் இருக்கைக்கு அடியில் வைத்துப் பறந்த கதைகள் நிறையக் கிடைக்கும். அவை பெரும்பாலும் அமெரிக்க உள்நாட்டு விமானக் கதைகள். அங்கே ஃபிரண்டியர் போன்ற ஒருசில நிறுவனங்கள் பயணிகள் அறையில் முயலை அனுமதிக்கின்றன. நம் நாட்டு நிலை வேறு. இண்டிகோ பயிற்சி பெற்ற உதவி நாய்களைத் தவிர வேறு பிராணிகளைப் பயணிகளோடு ஏற்றுவதில்லை. ஆகாசா ஏர் 2022 நவம்பரில் செல்லப்பிராணிகளைப் பயணிகள் அறையில் அனுமதிக்கத் தொடங்கியது. அதுவும் நாய்க்கும் பூனைக்கும்தான். எனவே உள்நாட்டில் முயல் பெரும்பாலும் சரக்குப் பிரிவு வழியாகவே போகும். நீங்கள் வாங்கும் டிக்கெட் உங்களுக்கு மட்டும். முயலுக்குத் தனியாக ஏர்வே பில் என்ற சரக்குச் சீட்டு போடுவார்கள், தனி முனையத்தில் ஒப்படைத்துத் தனி முனையத்தில் வாங்க வேண்டும்.

சரக்குப் பிரிவிடம் தொலைபேசியில் பேசுவதோடு நிறுத்தாதீர்கள். மின்னஞ்சலில் பதில் வாங்கி அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இது உயிர் காத்தது. ஒப்படைக்கும் இடத்தில் இருந்த ஊழியர், “வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று எங்கே?” என்று கேட்டார். நாய்க்கு வைத்திருந்த பட்டியலை முயலுக்கும் நீட்டிவிட்டார். அந்த மின்னஞ்சலைக் காட்டியபிறகுதான் வேலை நகர்ந்தது.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை. அந்தக் குறிப்பிட்ட விமானத்தில் உயிருள்ள பிராணிகளை வைக்கும், காற்றழுத்தமும் வெப்பநிலையும் கட்டுப்படுத்தப்பட்ட சரக்கறை உண்டா? எத்தனை மணி நேரம் முன்பு ஒப்படைக்க வேண்டும், எவ்வளவு தாமதமாக ஒப்படைக்கலாம்? இறங்கியபின் எத்தனை மணி நேரத்தில் கையில் கிடைக்கும்? அதே விமானத்தில் நாய் போகிறதா? வேட்டைப் பிராணியையும் அதற்கு இரையாகும் பிராணியையும் எதிரெதிரே வைக்கக் கூடாது. உலர்பனிக்கட்டி வைத்த பெட்டிகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது; அதிலிருந்து வரும் கரியமில வாயு மூச்சைத் திணறடிக்கும். நீங்கள் கேட்டால் அவர்கள் கவனிப்பார்கள். கேட்காதவர்களின் பெட்டி எங்கே இடம் இருக்கிறதோ அங்கே போகும்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எடையைப் பார்த்து மட்டும் போடமாட்டார்கள்; கூண்டு அடைக்கும் இடத்தையும் கணக்கிடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000 ஆல் வகுப்பது வழக்கமான முறை. 60 க்கு 40 க்கு 40 கூண்டு என்றால் 16 கிலோ. முயலும் கூண்டும் சேர்ந்து ஆறு கிலோவே இருந்தாலும் 16 கிலோவுக்குத்தான் பணம். அதற்காகச் சின்னக் கூண்டாக வாங்கிவிடாதீர்கள்.

நான்காம் படி: கூண்டு

சந்தையில் முயல் விற்பவர்கள் தரும் கம்பிக் கூண்டோ மூங்கில் கூடையோ உதவாது. கெட்டியான பிளாஸ்டிக் உடலும் உலோகக் கதவும் உள்ள பயணக் கூண்டு வேண்டும். ஐயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் உயிருள்ள பிராணிகள் விதிகளுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். முயல் காதை நிமிர்த்தி உட்கார, தாராளமாகத் திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும். அதைவிடப் பெரிதாக இருந்தால் விமானம் குலுங்கும்போது சறுக்கி மோதும்.

தாழ்ப்பாளைத் திறக்காமலே வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றக் கூடிய கிண்ணத்தைக் கதவில் மாட்டுங்கள். உருளும் குண்டு வைத்த குடிநீர் பாட்டில் குலுக்கலில் சொட்டிக்கொண்டே இருக்கும். படுக்கை நனைந்து, முயலின் வயிற்று முடியும் நனைந்து குளிரெடுக்கும். உள்ளே கீழிருந்து மேலாகச் செய்தித்தாள் நான்கு மடிப்பு, அதன்மேல் பழைய பருத்தித் துண்டு, அதன்மேல் கையளவு உயரத்துக்குக் காய்ந்த புல். நாய்களுக்கு விரிக்கும் உறிஞ்சு விரிப்பை வைக்காதீர்கள். முயல் அதைக் கிழித்துத் தின்றுவிடும், உள்ளே இருக்கும் பொருள் குடலில் ஊதி அடைக்கும். பொம்மை, கழுத்துப் பட்டை எதுவும் வேண்டாம்.

வீட்டில் முயல் படுக்க ஒரு கிரானைட் துண்டு போட்டிருக்கிறீர்களா? கிருஷ்ணகிரியில் அறுப்புப் பட்டறைப் பக்கம் போனால் உடைசல் துண்டு கிடைக்கும். வெயில் காலத்தில் ராகி நாள் முழுக்க அதன்மேல்தான் கிடந்தது. ஆனால் பயணக் கூண்டுக்குள் அதை வைக்கக் கூடாது. நகர்ந்தால் கால் எலும்பை நொறுக்கிவிடும்.

கூண்டின் மேலும் பக்கங்களிலும் ‘உயிருள்ள பிராணி’ என்ற அறிவிப்பும் மேல்பக்கம் காட்டும் அம்புக்குறிகளும் ஒட்ட வேண்டும். அனுப்புபவர், பெறுபவர் தொலைபேசி எண்கள், கடைசியாகத் தீனியும் தண்ணீரும் வைத்த நேரம், “பட்டினி போடக் கூடாது” என்ற குறிப்பு எல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி ஒட்டினோம். காய்ந்த புல் ஒரு பையில் கட்டிக் கூண்டின் மேல் ஒட்டிவிட்டால், தாமதமானால் யாராவது போடுவார்கள்.

ஐந்தாம் படி: நான்கு வாரப் பழக்கம்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தவிர்க்கிறார்கள். ஆனால் குடலைக் காப்பாற்றுவது இதுதான். நான்கு வாரம் முன்பே கூண்டை வாங்கி, கதவைக் கழற்றி, முயல் சுற்றும் அறையில் தரையில் வையுங்கள். பிடித்த தீனி எல்லாம் அதற்குள் மட்டும். ராகி முதல் இரண்டு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னங்காலால் தரையைத் தட்டிவிட்டு ஓடியது. மூன்றாம் நாள் முன்னங்காலை மட்டும் உள்ளே வைத்துக் கல்யாண முருங்கைக் கிளையை வெளியே இழுத்துப் போட்டுத் தின்றது. பத்தாம் நாள் நான் தேடியபோது உள்ளேயே காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அதன்பின்தான் கதவை மாட்டினேன்: முதலில் ஐந்து நிமிடம், பிறகு அரை மணி, பிறகு இரண்டு மணி நேரம்.

மூன்றாம் வாரம் கூண்டோடு காரில் சின்னச் சின்னப் பயணம். கிருஷ்ணகிரி அணை வரை போய்த் திரும்பினோம். திரும்பியதும் தின்கிறதா என்று பாருங்கள். உடனே புல்லைக் கடித்தால் பயணத்துக்குத் தயார். ஒரு மணி நேரமாகியும் தொடவில்லை என்றால் இன்னும் சில வாரம் பழக்க வேண்டும். தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

தீனியை இந்தக் காலத்தில் மாற்றவே கூடாது. கொழுக்கட்டைப்புல், அருகம்புல் எது வழக்கமோ அதையே நிழலில் காயவைத்துப் புது ஊரிலும் ஒரு வாரம் கொடுக்கும் அளவுக்குக் கட்டிக்கொள்ளுங்கள். பூஞ்சை வாடை அடிக்கும் கட்டைத் தூக்கி எறியுங்கள். மாந்தோப்பு ஓரங்களில் அறுத்த புல்லில் மருந்து தெளித்திருக்கலாம். எங்கே அறுத்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

ஆறாம் படி: மருத்துவரும் சான்றும்

பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் தரும் பயணத் தகுதிச் சான்று வேண்டும். எத்தனை நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சான்றில் இனம், நிறம், எடை, வயது, பாலினம் எல்லாம் இருக்கட்டும். ‘வீட்டில் வளர்க்கும் முயல்’ என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இதற்குக் காரணம் உண்டு. நம் காடுகளில் திரியும் காட்டு முயல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் கீழ் வருவது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். நாம் வளர்க்கும் முயல் ஐரோப்பிய முயலின் வழிவந்த வேறு இனம். சின்செல்லா, கிரே ஜெயண்ட் போன்ற சாம்பல் நிற முயலைப் பார்த்தால் பழகாதவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

மயக்க மருந்தோ தூக்க மருந்தோ கேட்காதீர்கள், யாராவது கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், குடலை மந்தமாக்கும், உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் திறனைக் கெடுக்கும். மயங்கிய பிராணியைப் பல நிறுவனங்கள் ஏற்பதும் இல்லை. நகத்தை வெட்டி, காதுக்குள் பூச்சிப் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து, பல்லைச் சோதித்து வாங்குங்கள்.

வெளிநாடு என்றால் இது போதாது. மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு அலுவலகம் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறது. ஏற்றுமதிக்கான உடல்நலச் சான்று அங்கே வாங்க வேண்டும். அதற்கும் முன்னால், போகும் நாடு முயலை ஏற்குமா என்று பாருங்கள். ஆஸ்திரேலியா நியூசிலாந்திலிருந்து மட்டுமே வளர்ப்பு முயல்களை அனுமதிக்கிறது. இந்தியாவிலிருந்து வழியே இல்லை. பிரிட்டனில் நம் நாட்டிலிருந்து போகும் முயலை நான்கு மாதம் தனிமைப்படுத்தி வைப்பார்கள். நான்கு மாதம் அறிமுகமில்லாத இடத்தில் ஒரு முயலை அடைத்து வைப்பதற்கு, நம் ஊரிலேயே அன்பான ஒரு வீடு பார்த்துக் கொடுத்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏழாம் படி: கிளம்பும் நாள்

முந்தைய இரவு வழக்கத்தைவிடத் தாராளமாகப் புல். பெல்லட் என்ற குச்சித் தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். கிளம்பும் வரை, ஒப்படைக்கும் நிமிடம் வரை புல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். கூண்டில் கொத்தமல்லித் தழை ஒரு பிடி, வெள்ளரித் துண்டு இரண்டு போடுங்கள். பயத்தில் தண்ணீர்க் கிண்ணத்தைத் தொடாத முயலும் ஈரத் தழையைக் கடிக்கும்.

காரைப் பத்து நிமிடம் முன்பே குளிரவைத்துவிட்டு முயலை ஏற்றுங்கள். காற்று நேராகக் கூண்டில் அடிக்கக் கூடாது. கூண்டைப் பின் இருக்கையில் பெல்ட் போட்டுக் கட்டி, வெயில் படும் பக்கம் மெல்லிய துணி போடுங்கள். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் தொடங்கும் நெரிசல் சில்க்போர்டு வரை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். எனவே நாங்கள் ஓசூரிலிருந்து மாலூர், ஒசகோட்டை வழியாகத் தேவனஹள்ளிக்குப் போனோம். தூரம் பார்க்காமல் நிற்காத வழியைப் பார்த்தோம். நகரம் வழியாகப் போகிறவர்களுக்கு ஓர் ஆறுதல்: விமான நிலையச் சாலையில் ஹெப்பாலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டீ குடிக்க எல்லோரும் இறங்கினால் ஒருவர் காரிலேயே குளிர்சாதனத்தோடு இருக்க வேண்டும். மூடி நிறுத்திய காரில் பத்து நிமிடம் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

சோதனைக்காக முயலை வெளியே எடுக்கச் சொன்னால், மூடிய அறையில்தான் எடுப்பேன் என்று பணிவாகச் சொல்லுங்கள். காதைப் பிடித்துத் தூக்குவது சந்தைப் பழக்கம், அது வதை. ஒரு கை மார்புக்கடியில், இன்னொரு கை பின்புறத்துக்கடியில். பின்புறத்தைத் தாங்காமல் தூக்கினால் உதறும் வேகத்தில் அதன் முதுகெலும்பு அதனாலேயே முறியக் கூடும். ஒரு துண்டில் காதை மட்டும் வெளியே விட்டுச் சுற்றிக்கொள்வது மேல்.

எட்டாம் படி: இறங்கியபின்

வாங்கியதும் காதைத் தொட்டுப் பாருங்கள். கொதிப்பாக இருந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பத்தாக்கு. காதின் வெளிப்பக்கத்தைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். பனிக்கட்டி நீரில் முக்காதீர்கள். காது சில்லிட்டு, முயல் துவண்டிருந்தாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். போகும் ஊரில் முயல் பார்க்கத் தெரிந்த மருத்துவரின் எண்ணைக் கிளம்பும் முன்பே வாங்கி வைத்திருப்பது இதற்காகத்தான். நாய், பூனை பார்ப்பவர்கள் எல்லோரும் முயல் பார்ப்பதில்லை.

நலமாக இருந்தால் ஒரு சிறிய, இருட்டான, சத்தமில்லாத அறை. கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு விலகிவிடுங்கள். தானாக வெளியே வரட்டும். ஊரிலிருந்து கொண்டுபோன புல், தண்ணீர்க் கிண்ணம், கூண்டில் நனைந்த பழைய துண்டு மூன்றையும் பக்கத்தில் வையுங்கள்; தன் வாடை இருந்தால் முயலுக்குத் தைரியம் வரும். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவதை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.

பிறகு புழுக்கையைப் பாருங்கள். உருண்டையாக, கடலைப் பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக, உதிர்த்தால் உள்ளே புல் நார் தெரிய வேண்டும். முதல் நாள் சிறுத்து, எண்ணிக்கையும் குறைந்திருக்கும். மறுநாள் பழைய அளவுக்கு வர வேண்டும். மயிரில் கோத்த மணிபோல் வந்தால் புல்லையும் தண்ணீரையும் கூட்டுங்கள். விடியலில் கொத்தாகப் பளபளவென்று இருக்கும் மெத்தென்ற புழுக்கையை அது தானே தின்றுவிடும். அது நோய் இல்லை, சத்தை இரண்டாம் முறை எடுத்துக்கொள்கிறது. வந்து பன்னிரண்டு மணி நேரமாகியும் தின்னவும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

டெல்லியில் ராகியை மகள் இரவு பத்தரை மணிக்கு வீட்டுக்குக் கொண்டுபோனாள். அறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கதவிடுக்கில் காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். நான் இங்கே தூங்கவில்லை. இரண்டே கால் மணிக்குக் கைப்பேசியில் ஒரு படம் வந்தது: நீலத் துண்டின் ஓரத்தில் ஏழு புழுக்கைகள். கீழே ஒரே வரி: “அம்மா, தின்கிறது.”